பனி ஓய்ந்த மறுநாள்தான் கவனம்: ஒன்ராறியோவில் முதல் குளிர்காலம் காண்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் பனியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரிகிறது, குவிகிறது, தொலைக்காட்சியிலும் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் விரல் விறைப்பதும், வாகனம் கிளம்ப மறுப்பதும், பேஸ்மென்ற் வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடிப்பதும் அநேகமாகப் பனி கொட்டுகிற நாளில் நடப்பதில்லை. வானம் பளிச்சென்று வெளுத்த மறுநாள் காலையில்தான் நடக்கின்றன.

காரணம் இதுதான். பனியைக் கொண்டுவந்த தாழமுக்கம் கிழக்கே நகர்ந்ததும், அதன் பின்னால் காற்று வடமேற்குக்குத் திரும்பி ஆர்க்டிக் பக்கத்துக் குளிரை இழுத்து வருகிறது. மேகம் கலைந்த இரவில் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். புதுப்பனி மூடிய நிலமாக இருந்தால் வெப்பம் இன்னும் வேகமாக இறங்கும். ஆகவே முன்னறிவிப்பில் பனி எத்தனை சென்ரிமீற்றர் என்று பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். அதற்கு அடுத்த இரவையும் அடுத்த காலையையும் சேர்த்து வாசியுங்கள்.

முன்னறிவிப்பை வாசிப்பது எப்படி

கைப்பேசியோடு வரும் வானிலைச் செயலி ஒரு படமும் ஓர் இலக்கமும் காட்டும். அது போதாது. கனடாவின் அரச வானிலைச் சேவையான என்வைரன்மென்ற் கனடாவின் வெதர்கான் செயலியை இறக்குங்கள், இலவசம். அதில் எழுத்தில் வரும் முன்னறிவிப்பைத் தேடி வாசியுங்கள். எச்சரிக்கைகளும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன.

ஜனவரியில் ஒரு நாள் அது இப்படி இருக்கலாம்:

“இன்று: பனி, பிற்பகலில் ஓயும். 5 முதல் 10 செ.மீ. காற்று தென்கிழக்கு 20 கி.மீ., நண்பகலுக்குப் பின் வடமேற்கு 40, வீச்சு 60. உச்சம் மைனஸ் 1, பிற்பகலில் மைனஸ் 9க்கு இறங்கும். பிற்பகல் விண்ட் சில் மைனஸ் 19. இன்றிரவு: தெளிந்த வானம். காற்று வடமேற்கு 30. தாழ்வு மைனஸ் 19. விண்ட் சில் மைனஸ் 31.”

பலர் இதில் “உச்சம் மைனஸ் 1” என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மெல்லிய ஜக்கெற்றோடு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த உச்சம் காலையிலேயே முடிந்துவிடும். “இறங்கும்” என்ற சொல்தான் இங்கே முக்கியம். வேலை முடிந்து ஐந்து மணிக்கு ஃபிஞ்ச் வீதித் தரிப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்களுக்குக் கிடைப்பது மைனஸ் 9ம் காற்றும். காலையில் சகதியாகக் கிடந்த நடைபாதை மாலையில் கண்ணாடிபோல இறுகியிருக்கும். போகும் நேரத்துக்கு உடுக்காமல் திரும்பும் நேரத்துக்கு உடுங்கள்.

அடுத்தது காற்றின் திசை. தென்கிழக்கிலிருந்து வடமேற்குக்கு எந்த மணிக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். குளிர் வந்து இறங்கும் நேரம் அதுவே. வீச்சு, அதாவது இடையிடையே பலமாக அடிக்கும் காற்று, 60 என்றால் விழுந்த பனி கிளம்பி வீதிக்குக் குறுக்கே ஓடும். பனி நின்றாலும் திறந்த வெளிகளில் பார்வை மறையும்.

விண்ட் சில் என்பது காற்றோடு சேர்ந்த குளிர் வெறும் தோலுக்கு எப்படிப் படும் என்பதைக் காட்டும் சுட்டெண். இது வெப்பநிலை அல்ல. அதனால்தான் அதற்குப் பாகைக் குறி போடுவதில்லை. இப்போதைய சூத்திரம் 2001இல் நடைமுறைக்கு வந்தது. ரொறன்ரோவில் தன்னார்வலர்களைக் குளிர்க்காற்றில் நடக்கவிட்டு, அவர்கள் முகத்தின் வெப்ப இழப்பை அளந்த பரிசோதனையும் அதற்கு அடிப்படை. வெப்பநிலை மைனஸ் 15, காற்று மணிக்கு 30 கி.மீ. என்றால் விண்ட் சில் மைனஸ் 26. அதே காற்றில் மைனஸ் 20 என்றால் மைனஸ் 33. மைனஸ் 28இலிருந்து மைனஸ் 39 வரை, மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம்தான்.

வாகனத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் விண்ட் சில் இல்லை. வெப்பநிலை மைனஸ் 19, விண்ட் சில் மைனஸ் 31 என்றால் பற்றரி மைனஸ் 19க்குக் கீழே போகாது. காற்று அதை வேகமாகக் குளிரவைக்கும், அவ்வளவுதான். மனிதருக்கு விண்ட் சில், பொருளுக்கு வெப்பநிலை என்று பிரித்துப் பாருங்கள்.

பனியளவு சென்ரிமீற்றரிலும் மழையளவு மில்லிமீற்றரிலும் வரும். கணக்கு சுலபம்: சாதாரணமாக 10 செ.மீ. பனி உருகினால் 10 மி.மீ. தண்ணீர். 1 மி.மீ. தண்ணீர் ஒரு சதுர மீற்றரில் 1 கிலோ. இரண்டு வாகனம் நிற்கும் 40 சதுர மீற்றர் டிரைவ்வேயில் 15 செ.மீ. பனி விழுந்தால் நீங்கள் தூக்கி எறியப்போவது ஏறத்தாழ 600 கிலோ. பூச்சியத்துக்குப் பக்கத்தில் விழும் ஈரப்பனி இன்னும் பாரம். மைனஸ் 15இல் விழும் தூள்பனி அதில் பாதிதான். ஆகவே சென்ரிமீற்றரோடு வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்தால்தான் முதுகுக்கு வரப்போகும் வேலை தெரியும்.

“40 சதவீதம் ஃப்ளரீஸ்” என்று வந்தால் பெரிதாக அலட்ட வேண்டாம். விட்டுவிட்டுத் தூறும் இலேசான பனி அது. ஒரு சின்னத் தகவல்: என்வைரன்மென்ற் கனடா 50 சதவீதம் என்று எப்போதும் போடாது. முடிவெடுக்க முடியாமல் தடுமாறுவதுபோல் தோன்றும் என்பதால் 40 அல்லது 60 என்றே சொல்லும்.

எவ்வளவு முன்னதாக நம்பலாம்? ஐந்தாறு நாளுக்கு முன்பே சமூக ஊடகத்தில் “40 செ.மீ. வருகிறது” என்று சுற்றும் வரைபடங்களை விட்டுவிடுங்கள். மூன்று நாளுக்கு முன்பு, புயல் வருமா வராதா என்பது ஓரளவு தெரியும். சென்ரிமீற்றர்க் கணக்கு கடைசி 24 மணிநேரத்தில்தான் உறுதிப்படும். தாழமுக்கத்தின் பாதை 50 கி.மீ. தெற்கே விலகினாலே ஸ்காபரோவுக்கு வரவேண்டிய பனி ஏரிக்குள் விழுந்துவிடும்.

எந்தப் பக்கத்துப் புயல்

வானிலையாளர்கள் புயலை அது புறப்பட்ட இடத்தின் பெயரால் சொல்வார்கள். பெயர் தெரிந்தால் பாதி விஷயம் தெரிந்த மாதிரி.

அல்பேர்ட்டா கிளிப்பர் மேற்கிலிருந்து விரைந்து வரும். ஈரம் குறைவு. சில சென்ரிமீற்றர் தூள்பனியைப் போட்டுவிட்டு அரை நாளில் போய்விடும். “இவ்வளவுதானா” என்று தோன்றும். ஆனால் அதன் வாலில் கடுங்குளிர் வரும். புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான்.

கொலராடோ தாழமுக்கம் தெற்கிலிருந்து ஈரத்தை அள்ளி வரும். கனத்த பனி, ஐஸ் மணி, உறைமழை, மழை எல்லாம் ஒரே நாளில் கலந்து வரலாம். உறைமழை என்பது மழையாக விழுந்து பட்ட இடத்தில் ஐஸாக ஒட்டுவது. 2013 டிசம்பர் 21, 22இல் ரொறன்ரோவில் அப்படி ஒட்டிய ஐஸின் பாரத்தில் மரங்கள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. கிறிஸ்மஸ் நேரத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. உறைமழை எச்சரிக்கை வந்தால் வாகனத்தை மரத்தடியில் விடாதீர்கள், கைப்பேசியைச் சார்ஜ் செய்து வையுங்கள். அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து 10 மீற்றராவது தள்ளி நில்லுங்கள்.

மூன்றாவது, ஏரிப்பனி. குளிர்ந்த வடமேற்குக் காற்று இன்னும் உறையாத ஹியூரன் ஏரிக்கும் ஜோர்ஜியன் விரிகுடாவுக்கும் மேலாக வரும்போது, அடியிலிருந்து சூடும் ஈரமும் ஏறி, கரையைத் தொட்டதும் பனியாகக் கொட்டுகிறது. இது நீண்டு ஒடுங்கிய பட்டையாக வரும். பட்டைக்குள் எதிரே போகும் வாகனம் தெரியாது, சில கிலோமீற்றர் தள்ளி வெயில் அடிக்கும். பரி, ஒரில்லியா, ஓவன் சவுண்ட், லண்டன் பக்கம் இது வழக்கம். 2024 நவம்பர் இறுதியில் கிரேவன்ஹர்ஸ்ற் பகுதியில் இப்படி ஒரு மீற்றருக்கு மேல் கொட்டி 11ஆம் நெடுஞ்சாலை மூடப்பட்டது. ரொறன்ரோவில் வெயில் இருக்கிறதே என்று 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே புறப்படுவதற்கு முன், போகும் ஊரின் முன்னறிவிப்பைத் தனியாகப் பாருங்கள். வீதி நிலைமைக்கு 511 ஒன்ராறியோ இருக்கிறது.

எச்சரிக்கைகள்

வொச் என்றால் வரக்கூடும், தயாராகுங்கள். வோர்னிங் என்றால் வருகிறது அல்லது வந்துவிட்டது. 2025 நவம்பர் இறுதியிலிருந்து இவற்றுக்கு நிறமும் சேர்த்திருக்கிறார்கள். வழக்கமாக வருவது மஞ்சள். செம்மஞ்சள் அரிது, அன்று பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சிவப்பு என்றால் உயிராபத்து, வீட்டிலிருங்கள். தெற்கு ஒன்ராறியோவில் பனிப்பொழிவு எச்சரிக்கை வர 12 மணிநேரத்தில் 15 செ.மீ. எதிர்பார்க்கப்பட வேண்டும். கடுங்குளிர் எச்சரிக்கை, ரொறன்ரோ உட்பட்ட பகுதிக்கு, வெப்பநிலையோ விண்ட் சில்லோ இரண்டு மணிநேரமாவது மைனஸ் 30ஐத் தொடும் என்றால் வரும். மேலே காட்டிய மாதிரியில் அந்த இரவு இதற்குள் அடங்குகிறது. பகலில் விழுந்த பனியோ எச்சரிக்கை அளவைக்கூடத் தொடவில்லை.

காலை ஆறு மணியளவில் பள்ளி வாகனங்கள் ஓடாது என்று அறிவிப்பு வரலாம். அது பள்ளிக்கூட விடுமுறை அல்ல. பள்ளி திறந்திருக்கும் நாட்களே அதிகம், பள்ளிச் சபையின் பக்கத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

முதல் நாள் மாலை: வீடு

வெளிச்சுவரில் தோட்டக் குழாய் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். ஹோஸைக் கழற்றுங்கள். வீட்டுக்குள் அந்தக் குழாய்க்குப் போகும் வால்வைப் பூட்டுங்கள். பிறகு வெளிக் குழாயைத் திறந்து, உள்ளே நின்ற தண்ணீரை வடியவிட்டு, திறந்தபடியே விடுங்கள். தண்ணீர் ஐஸாகும்போது பருக்கும். பூட்டிய குழாய்க்குள் அது போக இடமில்லாததால்தான் குழாய் பிளக்கிறது. பிளந்தது அன்றைக்குத் தெரியாது, ஐஸ் உருகும் நாளில்தான் பேஸ்மென்ற் நனையும்.

சமையலறை சிங்க் வெளிச்சுவரோடு ஒட்டியிருந்தால் அதன் கீழ் அலுமாரிக் கதவைத் திறந்து விடுங்கள், அறைச்சூடு குழாயைத் தொடட்டும். மைனஸ் 20க்குப் போகும் இரவில் நூல் அளவுக்குத் தண்ணீரை ஓடவிடலாம். குழாய் உறைந்துவிட்டால் நெருப்புக் காட்ட வேண்டாம். பைப்பைத் திறந்து வைத்துவிட்டு, திறந்த வாய்ப்பக்கத்திலிருந்து உறைந்த இடத்தை நோக்கி ஹெயார் டிரையரால் சூடாக்கிக்கொண்டு போங்கள். வீட்டின் பிரதான வால்வு எங்கே என்று இன்றைக்கே தேடி வையுங்கள். பெரும்பாலும் தண்ணீர் மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும்.

வீட்டின் பக்கச் சுவரில் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவை வீட்டைச் சூடாக்கும் இயந்திரமான ஃபர்னஸின் மூச்சுக் குழாய்கள். பனி அவற்றை மூடினால் ஃபர்னஸ் நின்றுபோகும், அல்லது கார்பன் மொனொக்சைட் உள்ளே திரும்பும். அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஒவ்வொரு பனிக்குப் பிறகும் அந்த இடத்தைக் கையால் துப்புரவாக்குங்கள். படுக்கையறைப் பக்கம் கார்பன் மொனொக்சைட் அலாரம் வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் போன இரவில் கரி அடுப்பையோ பாபிகியூவையோ வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. எரிவாயு அடுப்பை ஹீற்றராக்குவதும் அப்படியே.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒன்று. ரொறன்ரோவில் குளிர்மாதங்களில் வீட்டுக்காரர் 21 பாகை சூடு தரவேண்டும் என்பது நகரச் சட்டம். அறைக்குள் ஒரு வெப்பமானி வைத்து, குளிராக இருந்தால் நேரத்தோடு படமெடுத்து வைத்துக்கொண்டு முறையிடுங்கள். “பேஸ்மென்ற் என்றால் அப்படித்தான்” என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

வாகனம்

வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே நிலைத்ததும் கோடைகால ரயரின் இறப்பர் இறுகிப் பிடி குறைந்துவிடும். மலையும் அதற்குள் பனித்துகளும் வரைந்த சின்னம் பதித்த குளிர்கால ரயர்களை நான்கு சில்லுக்கும் போடுங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது கட்டாயம், ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதால் தள்ளிப்போடுவது நல்ல முடிவல்ல. வெப்பம் ஏறத்தாழ 5 அல்லது 6 பாகை இறங்கினால் ரயர் அழுத்தம் 1 பிஎஸ்ஐ குறையும். ஒக்ரோபரில் 15 பாகையில் நிரப்பிய ரயர் மைனஸ் 20இல் 6 பிஎஸ்ஐ குறைந்து நிற்கும்.

கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40க்கானதா என்று போத்தலில் பாருங்கள். கோடைத் திரவமோ தண்ணீரோ கலந்திருந்தால் நெடுஞ்சாலையில் தெளித்த கணமே கண்ணாடியில் உறைந்து உங்களுக்கு முன்னால் வெள்ளைத்திரை விழும். மைனஸ் 18 அளவில் பற்றரி தன் வலுவில் பாதியை இழந்துவிடும். அதே நேரம் ஓயில் தடித்து, என்ஜினைச் சுற்றக் கூடுதல் வலு தேவைப்படும். நாலைந்து வருடப் பற்றரியைப் பனி தொடங்குமுன் சோதித்துவிடுங்கள். பெற்றோல் தாங்கியை அரைவாசிக்குக் கீழே போகவிட வேண்டாம். உறைந்த கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றினால் அது வெடிக்கும்.

கூரையில் கிடக்கும் பனியை முழுவதுமாகத் தள்ளிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பிரேக் போட்டதும் அது முன்கண்ணாடியில் சரியும், அல்லது பின்னால் வருபவர் மேல் பறக்கும். கராஜுக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள், கதவு திறந்திருந்தாலும்.

வாகனத்தின் பின்பெட்டியில் சிறு சவள், மணல் அல்லது பூனை மணல், ஜம்பர் வயர், போர்வை, ரோச் லைற் இருக்கட்டும். நெடுஞ்சாலையில் பனிக்குள் சிக்கினால் வாகனத்தை விட்டு இறங்கி நடக்காதீர்கள். புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அகற்றிவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை 10 நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

பனி அள்ளலும் உப்பும்

15 செ.மீ. விழும்வரை காத்திருக்க வேண்டாம். 5 செ.மீ.க்கு ஒருமுறை தள்ளுவது உடம்புக்கு நல்லது. தூக்குவதைவிடத் தள்ளுங்கள். தூக்கினால் முழங்காலை மடித்து, சவளின் பாதியளவே தூக்குங்கள். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அதோடு பாரமும் சேரும். இதய நோய், உயர் குருதியழுத்தம் உள்ளவர்கள் இந்த வேலையை இன்னொருவரிடம் விடுவதே சரி.

நகரசபை வண்டி வீதியைத் துப்புரவாக்கும்போது உங்கள் டிரைவ்வே வாசலில் ஒரு பனிவரம்பு கட்டிவிட்டுப் போகும். இதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. வீதியைப் பார்த்து நின்றால் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். வாசலின் இடப்பக்க ஓரத்தில் ஓரிரண்டு மீற்றர் இடத்தை வெறுமையாக்கி வைத்தால் வண்டி தள்ளிவரும் பனியில் ஒரு பகுதி அங்கேயே இறங்கிவிடும். அள்ளிய பனியை வலப்பக்கம் குவியுங்கள்.

உப்பு விஷயத்தில் எல்லோரும் தாராளம், அது வீண். முதலில் பனியைச் சுரண்டி எடுத்துவிட்டு, எஞ்சிய ஐஸுக்கு மட்டும் தூவுங்கள். ஏறத்தாழ 6 மீற்றர் நீள டிரைவ்வேக்கு ஒரு கோப்பிக் குவளை உப்பு போதும். மைனஸ் 10ஐத் தாண்டினால் சாதாரண கல்லுப்பு கிட்டத்தட்ட வேலை செய்யாது. எவ்வளவு கொட்டினாலும் மணிமணியாக ஐஸின் மேல் கிடக்கும். அப்போது கல்சியம் குளோரைட் கலந்ததை வாங்குங்கள், அல்லது பிடிமானத்துக்கு மணல் தூவுங்கள். பனிக்கு அடுத்த நாள் குளிர் கூடும் என்பதால், வடமேற்குக் காற்று திரும்புவதற்குள் சகதியைச் சுரண்டி முடித்துவிட்டால் உப்பே தேவைப்படாது.

உடுப்பும் உடம்பும்

தோலை ஒட்டி பருத்தி வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரைத் திருப்பித் தரும். அடியில் கம்பளி அல்லது செயற்கை நூல், நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்றுப் புகாத ஜக்கெற். ஐந்து விரலும் பிரிந்த கையுறையைவிட, விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் மிற்றன்ஸ் சூடு. பூட்ஸைத் தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள், விரலை அசைக்க இடம் வேண்டும். இறுக்கிய சப்பாத்தில் இரண்டு சோடி காலுறை போட்டால் இரத்த ஓட்டம் குறைந்து கால் முன்னரே விறைக்கும்.

குழந்தையைத் தடித்த குளிர் ஜக்கெற்றோடு வாகன இருக்கையில் கட்டாதீர்கள். மோதும்போது ஜக்கெற் அமுங்கி வார் தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு இறுகக் கட்டி, மேலே போர்வை போடுங்கள். நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்குக் கால் உறைவது தெரியாமல் போகும். வெளியே போய் வந்ததும் அவர்கள் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் மூடி, மருந்துப் பம்பை (இன்ஹேலரை) உள்பொக்கெற்றில் வையுங்கள்.

கன்னம், மூக்கு நுனி, காது, விரல் ஆகியவை முதலில் குத்தும், பிறகு குத்து நின்றுபோகும். குத்து நின்றது நல்ல செய்தி அல்ல. தோல் வெளிறி மெழுகுபோல் ஆனால் உறையத் தொடங்கிவிட்டது. உள்ளே போங்கள். தேய்க்காதீர்கள், பனியால் உரசாதீர்கள், ஹீற்றர் முன்னால் நீட்டாதீர்கள், மரத்த தோல் சுடுவதை உணராது. கை பொறுக்கும் 37 முதல் 39 பாகை வெந்நீரில் வையுங்கள். சூட்டை மரக்காத கையால் பாருங்கள். திரும்ப வெளியே போகவேண்டி இருந்தால் உருக்க வேண்டாம், உருகி மறுபடி உறைவது இன்னும் கெடுதல். கொப்புளமோ கறுப்போ தெரிந்தால், உணர்ச்சி திரும்பாவிட்டால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூக்கம் பிடித்தவர்போல் ஆனால் உடனே 911. எதற்குப் போவது என்று தெரியாத இரவில் 811க்கு அழைத்தால் தாதி ஒருவர் பேசுவார், தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.